மேலே ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எப்படியும் அங்கே போய் நின்றுவிடுகிறது. கல்யாண வீட்டிலோ கோயில் திருவிழாவிலோ யாராவது ஒருவர் தொடங்குவார். "நாமெல்லாம் மண்ணுல மழையில வளந்தோம் லா. இப்ப உள்ள புள்ளைங்களுக்கு போன விட்டா வேற ஒலகம் இல்ல. அதான் நமக்கு இருந்த கொணம் இதுங்களுக்கு இல்ல." மற்றவர்கள் தலையாட்டுவார்கள். நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். இத்தனை வருஷமாக அப்படித்தான் தப்பித்துக்கொண்டிருந்தேன். இனிமேல் எழுந்து போவதாக இல்லை. உங்களோடு அதே பனியில், அதே மாதிரித் தோட்டத்து லய வீட்டில் வளர்ந்தவள் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன். மண்ணும் மழையும் யாருக்கும் குணம் கொடுக்கவில்லை. மண்ணையும் மழையையும் சாக்காக வைத்துப் பெரியவர்கள் நம்மிடம் என்ன செய்தார்கள் என்பதை நாம் யாரும் பேசுவதில்லை.

எண்பதுகளின் நடுவில் நான் ஐந்தாம் வகுப்பு. அக்கா ஆறாம் வகுப்பு. மலையில் பாதிவரைக்கும் தேயிலை, அதற்கு மேலே காடு, கீழே லயம், லயத்துக்கும் கொழுந்தை வதக்கி அரைக்கும் ஸ்டோருக்கும் நடுவில் தகரக் கூரை போட்ட பள்ளிக்கூடம். ஐந்தும் ஆறும் ஒரே அறையில் உட்காரும். அந்த அறையில் காலையில் நுழைந்தால் ஈரக் கம்பளிச் சட்டைகளின் வாடையும், ஸ்டோரிலிருந்து வரும் வதங்கிய கொழுந்தின் வாசனையும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறும். இன்றைக்கும் ஈரத்தில் மடித்து வைத்த சட்டையை எடுத்தால் எனக்கு வாய்ப்பாடு நினைவுக்கு வருகிறது.

அந்த வருஷத் தொடக்கத்தில் ஒரு புது வாத்தியார் வந்தார். ஈப்போ பக்கத்துக்காரர், கல்லூரியில் பயிற்சி முடித்த கையோடு வந்தவர். பிரிஞ்சாங்கில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே அறை எடுத்துக்கொண்டு தினமும் மோட்டார் சைக்கிளில் வருவார். தலைமையாசிரியரைப் பெரிய சார் என்று கூப்பிட்டதால் இவர் சின்ன சார் ஆனார். இவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். கெட்டவராக இருந்திருந்தால் என் கோபம் எப்போதோ ஆறியிருக்கும். எங்களுக்கு அவரை அவ்வளவு பிடிக்கும். அதுவரைக்கும் வந்த வாத்தியார்கள் எல்லாம் மாற்றல் எப்போது வரும் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தவர்கள். இவர் ஒருவர்தான் எங்கள் மலையைப் பார்த்து வாயைப் பிளந்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்களை வரிசையாகக் கூட்டிக்கொண்டு தேயிலைக்கு மேலே காட்டு ஓரத்துக்குப் போவார். கையில் ஒரு பூதக்கண்ணாடி இருக்கும். மரத்தில் படர்ந்த பாசியை அதற்குள் காட்டுவார். பாசி ஒரு சின்னக் காடாகத் தெரியும். மூடி போட்ட சொம்பு மாதிரி தொங்கும் செடியைக் கிழித்து, உள்ளே செத்துக் கிடந்த எறும்புகளைக் காட்டினார். தினமும் பார்த்த செடிதான். ஆனால் அதற்குள் ஒரு வயிறு இருக்கிறது என்பது எங்களுக்கு அன்றுதான் தெரியும். அட்டை கடித்தால் அலறக் கூடாது, அதுவும் பசிக்குத்தான் வந்திருக்கிறது என்பார். "இயற்கை ஒங்களுக்குப் பாடம் மட்டும் சொல்லித் தராது, கொணத்தையும் தரும்" என்று அடிக்கடி சொல்வார். அக்கா அவர் சொல்வதை எல்லாம் நம்பினாள். வகுப்புத் தலைவி அவள்தான். உயரம். நேராக நிற்பாள். கேள்வி கேட்டால் கையைத் தூக்கிவிட்டுக் காத்திருப்பாள். கூப்பிடும்வரை பேச மாட்டாள்.

எங்கள் அம்மாவுக்கும் காட்டைப் பற்றிச் சொல்ல ஒரு பாடம் இருந்தது. விறகு பொறுக்க மற்ற பெண்களோடு எங்களையும் கூட்டிக்கொண்டு போவாள். தேயிலை முடியும் இடத்தில் நின்று, "இனி யாரும் பேரு சொல்லக் கூடாது" என்பாள். காட்டுக்குள் ஒருவரை ஒருவர் தேடினால் கூ என்று குரல் விட வேண்டும். எதிரே இருப்பவர் கூ என்று திருப்பி விட வேண்டும். அவ்வளவுதான். "பேரு சொல்லிக் கூப்புட்டா ஏன்னு பதில் குடுக்காதீங்க. நம்ம ஆளு காட்டுல பேரு சொல்ல மாட்டான். பேரு சொல்லுதுன்னா அது நம்ம ஆளு இல்ல." எங்கள் தோட்டத்தில் இது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். அதைக் கேட்டு நாங்கள் பயந்ததாகக்கூட நினைவில்லை. செருப்பை வாசலில் விடுவது போலப் பெயரைத் தேயிலையிலேயே விட்டுவிட்டுக் காட்டுக்குள் போவோம்.

சின்ன சார் அந்த வருஷம் புதிதாக ஒன்று கொண்டுவந்தார். அதற்குத் தனித்திருத்தல் என்று பெயர் வைத்தார். ஒவ்வொரு பிள்ளையையும் காட்டுப் பாதையில் கொஞ்சம் கொஞ்சம் தள்ளி, ஒருவர் கண்ணுக்கு ஒருவர் தெரியாதபடி உட்கார வைப்பார். அசையக் கூடாது. பேசக் கூடாது. "நானே வந்து தோளைத் தொடுற வரைக்கும் எழுந்திரிக்கக் கூடாது. யாரு கூப்புட்டாலும் திரும்பாதீங்க. அப்படி இருந்தா மனசு ஒங்க பேச்சக் கேக்கும்." முடித்தவர்களுக்குச் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பச்சை ரிப்பன். முதல் இரண்டு தடவை நன்றாகவே நடந்தது. ஒரு பையன் தூங்கிவிட்டான். ஒருத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு ரிப்பன் கிடைத்ததை அம்மாவிடம் காட்டினேன். "ஒக்காந்ததுக்கா குடுத்தாங்க? என்னைய ஒரு நாள் ஒக்கார விட்டா ஒரு மொழம் ரிப்பன் வாங்குவேனே" என்று சொல்லிவிட்டுச் சோற்றைக் கிளறினாள்.

மூன்றாவது தடவைதான் அது நடந்தது. அன்றைக்குக் கீழ் வகுப்புப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு பாதையில் வழக்கத்தைவிட மேலே போனோம். சின்னப் பிள்ளைகள் கீழே, பெரியவர்கள் மேலே. எனக்கு மேலே, ஒரு வளைவு தாண்டி, எல்லாருக்கும் உச்சியில் அக்கா. தைரியசாலிக்குத்தான் கடைசி இடம் என்று சார் சொல்ல, அவள் திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போனாள். நான் ஒரு வேரின் மேல் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் பனி இறங்கியது. மலைப் பனி உங்களுக்குத் தெரியும். முதலில் தூரத்து மரம் போகும், பிறகு பக்கத்து மரம், பிறகு உங்கள் முட்டி. அதற்குப் பின்னாலேயே மழை.

தோட்டத்துப் பிள்ளைகள் மழைக்கு என்ன செய்வோம்? உரச் சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் திணித்துத் தலையில் கவிழ்த்துக்கொள்வோம். கொழுந்து எடுக்கும் பெண்களும் அப்படித்தான் போட்டுக்கொள்வார்கள். எல்லாரும் ஆளுக்கொரு சாக்கு கொண்டுவந்திருந்தோம். எல்லாம் ஒரே வெள்ளை, முதுகில் ஒரே எழுத்து. சாக்கைப் போட்டுக்கொண்டால் முன்னால் நடப்பவர் யாரென்று பெற்ற தாய்க்கே தெரியாது. சார் ஓடி ஓடி மேலே ஏறிவந்து என் தோளைத் தொட்டார். "எறங்கு, எறங்கு, ஓடு."

"அக்கா மேல இருக்கா சார்."

"ஒங்க அக்கா அப்பவே எறங்கிட்டா. முன்னால போறா பாரு."

முன்னால் சாக்குப் போட்ட ஓர் உயரமான உருவம் போய்க்கொண்டிருந்தது. வகுப்பில் உயரமான பெண்கள் இரண்டு பேர். அது மற்றவள். நான் அவளை எட்டிப் பிடித்து முகத்தைப் பார்த்தபோது நாங்கள் தேயிலைக்கே வந்துவிட்டோம். திரும்ப ஓடிப் போய்ச் சொன்னேன். "சார், இது அவ இல்ல. அக்கா வரல." அவர் சின்னப் பிள்ளை ஒன்றை இடுப்பில் தூக்கி வைத்திருந்தார். மழை அவர் கண்ணாடியில் வழிந்தது. "வந்துட்டா, வந்துட்டா. குறுக்குப் பாதையில போயிருப்பா. நீ நட." பள்ளிக்கூடத்தில் யாரும் யாரையும் எண்ணவில்லை. மழைக்குப் பயந்து பிள்ளைகள் அப்படியே லயத்துக்குச் சிதறி ஓடின.

வீட்டில் அக்கா இல்லை. கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு ஓடினேன். அம்மா கூடையை இறக்கிக்கொண்டிருந்தாள். சொன்னதும் கூடையை அப்படியே போட்டாள். நாங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது சின்ன சார் வீட்டுக்குக் கிளம்ப மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தார்.

நான் இன்னும் நடுங்குவது காட்டை நினைத்து அல்ல. அதற்குப் பிறகு பள்ளி வாசலில் நடந்த பேச்சை நினைத்துத்தான். பெரிய சார் வந்தார், தோட்டத்து ஆபீஸ் கணக்கு பார்க்கும் கிராணி வந்தார், கங்காணி வந்தார், அப்பா வந்தார். சின்ன சாரின் முகம் வெளுத்துப் போயிருந்தது. "எல்லாப் புள்ளைகளையும் நான்தான் கடைசியா நின்னு எறக்குனேன்" என்றார். "தேயிலைக்கு வந்த பெறகுதான் எங்கயோ போயிருக்கா. ஓடைப் பக்கம் பாக்கணும்."

"இல்ல. மேலதான் இருக்கா. வளைவுக்கு அந்தப் பக்கம். எனக்கு எடம் தெரியும்" என்றேன்.

கிராணி என்னைப் பார்த்தார். "பெரியவங்க பேசறப்ப குறுக்க வராத. வாத்தியார் சொல்றாருல்ல?"

"சாரு என்கிட்டயும் அவ எறங்கிட்டான்னு சொன்னாரு. ஆனா..."

"ஏ, கொழந்தைய உள்ள கூட்டிட்டுப் போங்க."

அப்பா என் வாயைப் பொத்தவில்லை. என் தோளைப் பிடித்து அம்மா பக்கம் தள்ளினார். அவ்வளவுதான். அந்தக் கையில் கோபம்கூட இல்லை. கிராணிக்கு முன்னால் தன் பிள்ளை பேசுகிறதே என்ற கூச்சம் இருந்தது. ஆண்கள் எல்லாரும் ஓடைப் பள்ளத்துக்கு இறங்கினார்கள். அக்கா இருந்தது அதற்கு நேர் எதிரே, மேலே.

பெண்கள் யாரும் காட்டுக்குள் வரக் கூடாது, வந்தால் அவர்களையும் சேர்த்துத் தேட வேண்டியிருக்கும் என்று கிராணி சொல்லிவிட்டார். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் அம்மாவை நாலு பெண்கள் பிடித்து வைத்திருந்தார்கள். அவள் அங்கிருந்தே கூ விட்டாள். தொண்டை கிழியக் கூ விட்டாள். அதற்குள் தோட்டத்துத் துரை லோரியைக் கொடுத்தனுப்பிவிட்டார். யாரோ கோயில் ஒலிபெருக்கியை அதன் மேல் ஏற்றிக் கட்டினார்கள். தேயிலைச் சாலையில் லோரி ஏறி ஏறி இறங்க, கிராணி ஒலிபெருக்கியில் அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அம்மாவின் குரல் அதற்குள் காணாமல் போய்விட்டது.

"பேரு சொல்லாதீங்க. கூ விடச் சொல்லுங்க, அவ பதில் சொல்லுவா" என்று நான் லோரிக்குப் பின்னால் ஓடினேன். லோரியில் நின்ற ஆண்களுக்கு அந்த வழக்கம் தெரியாதா என்ன? எல்லாருக்கும் தெரியும். ஒருவர் கிராணியிடம் மெதுவாகச் சொல்லிக்கூடப் பார்த்தார். "கூ விட்டா கொரங்குதான் வரும். தொரை வந்து பாத்தா சிரிப்பாரு" என்றார் கிராணி. பிறகு ஒலிபெருக்கியை அப்பா கையில் கொடுத்தார். "நீ கூப்புடு. அப்பன் கொரலக் கேட்டா வந்துடும்."

அப்பா ஒரு கணம் அதை வாயருகில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அக்காவின் பெயரைச் சொன்னார். இருட்டும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

அக்காவுக்கு ஒலிபெருக்கி கேட்டது. இதை அவள் எனக்குப் பிறகுதான் துண்டு துண்டாகச் சொன்னாள், போர்வைக்குள், யாருக்கும் கேட்காத குரலில். முதலில் யாரோ ஓர் ஆண் குரல் பெயரைச் சொன்னது. மலையில் மோதி எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. அவள் திரும்பவில்லை. சார் சொன்னதும் அதுதான், அம்மா சொன்னதும் அதுதான். பிறகு அப்பாவின் குரல் பெயரைச் சொன்னது. "அப்பா காட்டுல பேரு சொல்ல மாட்டாரு. அதான் அது அப்பா இல்லன்னு தெரிஞ்சுச்சு. அப்பா கொரல எடுத்துக்கிச்சுன்னு நெனச்சேன்" என்றாள். "அப்பாவ அது ஏதோ செஞ்சிருச்சுன்னு நெனச்சேன்." பன்னிரண்டு வயதுப் பிள்ளை அந்த இருட்டில் தன்னை நினைத்து அழவில்லை. அப்பா செத்துவிட்டார் என்று அழுதிருக்கிறாள், சத்தம் வராமல்.

விடிந்த பிறகு ஓடைப் பக்கம் ஒன்றும் கிடைக்காமல் திரும்பிய ஆண்களில் இரண்டு பேர், வேறு எங்கும் தேட மிச்சம் இல்லாததால், மேல் பாதையில் ஏறினார்கள். வளைவுக்கு அந்தப் பக்கம், வைத்த இடத்தில், வைத்த மாதிரியே அவள் இருந்தாள். சாக்குக்குள் பாசியையும் பெரணி இலையையும் அடைத்து அதற்குள் கழுத்துவரை உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம். காலெல்லாம் அட்டை. "எழுந்திரும்மா" என்று அவர்கள் சொல்லியும் எழுந்திருக்கவில்லையாம். சாக்கோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

டவுன் ஆஸ்பத்திரியில் நெஞ்சுச் சளி என்று வைத்துக்கொண்டார்கள். அங்கே அவள் கிடந்த நாள்களில் கீழே ஒரு வேலை நடந்தது. முந்திய நாள்வரை பெரிய சாரின் கதைப்படி அக்கா சொல் பேச்சுக் கேட்காமல் ஓடையில் விளையாடப் போன பிள்ளை. அவள் இடத்தை விட்டு அசையவே இல்லை என்று தெரிந்ததும் கதை வேறு மாதிரி ஆனது. அவள் ஊருக்கே எடுத்துக்காட்டான பிள்ளை ஆனாள். நடுவில் இருந்த ஒரே ஓர் உண்மை, அவளை அங்கே மறந்துவிட்டு வந்தார்கள் என்பது, இரண்டு கதைக்கும் தேவைப்படவில்லை.

அவள் பள்ளிக்குத் திரும்பிய திங்கட்கிழமை காலைச் சபைக் கூட்டத்தில் அவளை மேடையில் நிற்க வைத்தார்கள். பெரிய சார் பேசினார். "ஆசிரியர் உட்காரச் சொன்னார் என்பதற்காக ஓர் இரவு முழுவதும், மழையிலும் குளிரிலும், சொன்ன சொல் மாறாமல் இருந்தாள் இந்த மாணவி. இதுதான் பண்பு. இதுதான் கல்வி." துரை வீட்டிலிருந்து ஒரு பிஸ்கட் டின் வந்திருந்தது. சின்ன சார் தானே வந்து அவள் சட்டையில் பச்சை ரிப்பனைக் குத்தினார். ஊசி இரண்டு தடவை கீழே விழுந்ததை முன் வரிசையிலிருந்து பார்த்தேன். எல்லாரும் கை தட்டினார்கள். என் அப்பா கடைசியில் நின்று மற்றவர்களைவிட அதிக நேரம் தட்டினார்.

வீட்டில் அம்மாவும் தன் பங்குக்கு எடுத்துக்கொண்டாள். முனியாண்டிக்குத் தேங்காய் உடைத்தாள். "நான் சொல்லிக் குடுத்தத மறக்கல எம்புள்ள. பேரு சொன்னதுக்குப் பதில் சொல்லல. அதான் பொழச்சா" என்று லயம் முழுக்கச் சொன்னாள். பள்ளிக்கூடம் அவள் மௌனத்தைத் தன் பாடம் என்றது. வீடும் அப்படியே. அந்த மௌனத்தால்தான் அவள் கிட்டத்தட்டச் செத்தாள் என்று சொல்ல ஒருவரும் இல்லை.

அன்று சாயங்காலம் அக்கா அப்பாவிடம் கேட்டாள். அவள் கேட்ட ஒரே கேள்வி அது. "சாரு என்ன மறந்துட்டாராப்பா, இல்ல வேணும்னு வுட்டாரா?"

அப்பா சோற்றில் கை வைத்தபடி இருந்தார். "ஏதோ ஒன்னு. பொழச்சு வந்துட்டல்ல?"

"பரிச்சையாப்பா அது?"

"சாப்புடு."

அவள் தூங்கிய பிறகு அம்மாவிடம் சொன்னார். "அந்த வாத்தியார வெரட்டிட்டா வேற எவன் இந்த மலைக்கு வருவான்? மூத்தவள டவுன் பள்ளிக்கோடத்துல ஹாஸ்டல்ல சேக்க நான் பாத்துக்கறேன்னு அவருதான சொல்லியிருக்காரு?" அவருக்கு இருந்த கணக்கு எனக்கு இப்போது புரிகிறது. நானும் பிள்ளை பெற்றவள். புரிந்ததால் கோபம் குறையும் என்பார்கள். எனக்குக் குறையவில்லை. பதில் சொல்ல ஒரு வார்த்தை போதும். மறந்துட்டாரும்மா. அவ்வளவுதான். அதைச் சொல்லியிருந்தால், அது ஒரு பெரிய மனிதரின் தப்பு என்று அவள் அங்கேயே விட்டிருப்பாள். சொல்லாததால் அது தனக்கு வைத்த பரீட்சை என்று நினைத்துக்கொண்டாள். பரீட்சை என்றால் அதில் தேற வேண்டும் அல்லவா? அக்கா தேறிக்கொண்டே இருந்தாள்.

ஹாஸ்டல் கிடைத்தது, அங்கே போர்வை திருடு போனதைச் சொல்லாமல் ஒரு தவணை முழுவதும் குளிரில் படுத்திருந்தாள். ஈப்போவில் தொழிற்சாலைக்குப் போனாள். அதிகாரிகள் எல்லாரும் தங்கமான பெண் என்றார்கள், அவளுக்குப் பிறகு சேர்ந்தவர்களை எல்லாம் மேலே ஏற்றினார்கள். நாற்பது வயதுக்கு மேல் வயிற்று வலி வந்தது. மாதக்கணக்கில் பொறுத்துக்கொண்டாள். கட்டியை வெட்டி எடுத்த பிறகு டாக்டர் என்னிடம் கோபித்துக்கொண்டார். "இவ்வளவு நாள் வீட்ல யாருக்குமே தெரியாதா?" அக்கா கட்டிலிலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். "பொறுத்துக்கற மாதிரிதான் இருந்துச்சு லா." நான் வெளியே போய் ஆஸ்பத்திரிச் சுவரைக் கையால் அறைந்தேன்.

என் மகன் தாமதமாகப் பிறந்தவன். இப்போது அவனுக்குப் பதினொன்று. இந்த வருஷம் அவன் பள்ளியிலும் காட்டு முகாம் என்றார்கள். தன்னம்பிக்கை, தலைமைப் பண்பு என்று என்னென்னவோ போட்டிருந்தது. நான் போன் போட்டு, "கடைசியில யாரு எண்ணுவாங்க?" என்று கேட்டேன். போனை எடுத்த பெண்ணுக்குப் புரியவில்லை. "சாப்பாடா மேடம்?" என்றாள். "பிள்ளைங்கள" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். என் வீட்டுக்காரர் போனை வாங்கி மன்னிப்புக் கேட்டார். நான் அளவுக்கு மீறிப் பயப்படுகிறேன் என்று அவர் சொல்கிறார். இருக்கலாம். மகன் கடைக்குப் போய்ப் பத்து நிமிஷம் தாமதமானால் எனக்குக் கைகால் ஓடுவதில்லை. கியா பார்ம் சந்தைப் பக்கம் குடும்பத்தோடு போனபோது அவன் செடிகளுக்கு நடுவில் குனிந்து மறைந்த ஒரு நொடியில் நான் போட்ட சத்தத்தில் கடைக்காரப் பெண் பழத்தட்டைக் கீழே போட்டுவிட்டாள்.

போன மாதம் ஈப்போவில் ஒரு கல்யாணம். பழைய தோட்டத்துக்காரர் வீட்டுக் கல்யாணம். அக்காவும் நானும் போயிருந்தோம். மண்டபத்தில் ஒருவர் சுற்றிலும் ஆள்களை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். தலை முழுக்க வெள்ளை. குரலைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. சின்ன சார். ஓய்வு பெற்ற பிறகு பிள்ளைகளுக்கான முகாம்களுக்கும் பெற்றோர் கூட்டங்களுக்கும் போய்ப் பண்பைப் பற்றிப் பேசுகிறாராம்.

அக்காவைப் பார்த்ததும் எழுந்தே விட்டார். கண் கலங்கியது. பொய்க் கண்ணீர் இல்லை. "இவதான், இவதான் நான் சொன்ன பொண்ணு" என்று சுற்றி இருந்தவர்களிடம் சொன்னார். "எந்த முகாமுக்குப் போனாலும் இவ கதையத்தான் சொல்லுவேன். ராத்திரி முழுக்கக் காட்டுல. அசையல. விடியக்கால நான் ஏறிப் போறேன், பனி அப்பிக் கெடக்கு. அப்படியே செல மாதிரி ஒக்காந்திருக்கா. நான் போய்த் தோளத் தொட்டேன். எழுந்து, வணக்கம் சார்ன்னா."

கேட்டவர்கள் நாக்கைச் சப்புக்கொட்டினார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. சாதாரணக் குரல்தான். கடையில் மிச்சச் சில்லறை கேட்கிற குரல்.

"நீங்க வரல சார்."

"என்னம்மா?"

"நீங்க வரல. தோட்டத்து ஆளுங்க ரெண்டு பேருதான் வந்தாங்க. நீங்க முந்தின நாளு என்னைய மேல வுட்டுட்டு எறங்கிட்டீங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார். "அட, எவ்ளோ வருசமாச்சு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கும்மா, நான்தான்..."

"ஓடைப் பக்கம் தேடச் சொன்னது நீங்கதான சார்?"

சுற்றி இருந்தவர்களில் ஒருவர் கைப்பேசியை எடுத்துப் பார்க்கத் தொடங்கினார். இன்னொருவர் சாப்பிடப் போகலாம் என்றார். ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். நாங்கள் மூன்று பேர் மட்டும் நின்றோம். அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு ஒன்னே ஒன்னுதான் தெரியணும்" என்றாள் அக்கா. "மறந்துட்டீங்களா, வேணும்னு வுட்டீங்களா?"

மேளக்காரர்கள் நிறுத்திவிட்டு மறுபடியும் தொடங்கினார்கள். அந்தச் சத்தத்தில் அவர் சொன்னது எங்கள் இருவருக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

"மறந்துட்டேம்மா."

"சரி சார்" என்றாள் அக்கா.

அவள் முகத்தில் அப்போது தெரிந்ததை என்னால் எழுத முடியவில்லை. அழவில்லை. கனமான ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தவள் அதை எங்கே வைப்பது என்று கேட்டு, இடம் தெரிந்துகொண்ட மாதிரி இருந்தாள். அவர் அவளைப் பார்த்து, கெஞ்சுவது போல ஒன்று கேட்டார். இதை நான் எப்படிப் பொறுப்பது, நீங்களே சொல்லுங்கள். "அந்தக் கதைய இனிமே நான் சொல்லலாமா, வேணாமா?"

"சொல்லுங்க சார். மறந்துட்டேன்னு சேத்துச் சொல்லுங்க."

அவர் தலையாட்டினார். அக்கா சாப்பிடப் போனாள். பக்கத்தில் உட்கார்ந்தவளிடம், பாயசம் ஆறிப்போயிருக்கிறது, சூடாகக் கொண்டுவரச் சொல்லு என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு அது போதும். எனக்குப் போதவில்லை. தலையாட்டியவர் அடுத்த மேடையில் என்ன சொல்வார் என்று எனக்கு எப்படித் தெரியும்? நாற்பது வருஷம் ஒரு கதையைச் சொல்லிச் சொல்லி, தான் வந்ததாகவே நம்பிவிட்டவர் அவர். விசாரித்துவிட்டேன். அடுத்த மாதம் எங்கள் ஊர் மண்டபத்தில் பெற்றோர் கூட்டத்தில் பேசுகிறார். யாரும் வரலாமாம். நான் போகப்போகிறேன். முன் வரிசையில், அவர் கண்ணுக்கு நேரே, ஒரு நாற்காலி பிடித்துவிடுவேன். மழை பெய்தது, பனி இறங்கியது என்று அவர் சொல்லிக்கொண்டு வரும்வரை பேசாமல் கேட்பேன். விடியற்காலைக்கு வரும்போது அவர் என்னைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். அந்த ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வராவிட்டால், எழுந்து நின்று நான் சொல்வேன்.